தொட்டால் விழணும், தள்ளினாலும் அசையக்கூடாது

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காடு கோடைவிழாவில் நாய்க் கண்காட்சி பார்த்துவிட்டு வருகிறவர்களில் சிலர் என்னிடம் கேட்பார்கள்: "நம்ம நாய்க்கும் தாண்ட, நுழையக் கத்துக்கொடுக்கலாமா?" தாராளமாக. 1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளைக் காட்சியாகத் தொடங்கியதுதான், நாய் தடைகளைத் தாண்டி, நுழைந்து ஓடும் இந்த அஜிலிட்டி விளையாட்டு. சாமான்களை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்று: தாண்டும் கட்டை தொட்டால் விழணும், நுழையும் குழாய் தள்ளினாலும் அசையக்கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏற்காட்டில் நண்பர் தோட்டத்துக் காப்பிக் களத்தில் குழாயை விரித்தோம். 60 சென்டிமீட்டர் வாய், உள்ளே சுருள் கம்பி. பாரம் எதுவும் வைக்கவில்லை. என் சிப்பிப்பாறை நாய் மணி உள்ளே பாய்ந்து வளைவில் திரும்பியதும் குழாய் அப்படியே உருண்டது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததே, இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் ஒரு மாதம் குழாயைக் கண்டாலே என் காலுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும்.

அந்தப் பயம் போக, குழாயை ஒரு முழ நீளத்துக்குச் சுருக்கி, மறுபக்கம் தரையில் உட்கார்ந்து, கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக் காத்திருந்தேன். முதல் நாள் மூக்கு மட்டும். நாலாம் நாள் தலை. தினமும் ஒரு சாண் நீட்டினேன். பாரத்துக்குப் பழைய ஜீன்ஸ் பேண்ட்! கால் நுனிகளைக் கட்டி, மணல் நிரப்பி, இடுப்பைத் தைத்துவிட்டேன். கழுதை மேல் பொதி போடுவதுபோல் குழாய்மேல் போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும். இழுத்தாலும் அசையாது.

கட்டைக்கு பிவிசி பைப் போதும். இரண்டு பக்கக் கால்களின் கொக்கியில் சும்மா வையுங்கள், கட்டவே கட்டாதீர்கள். கால் பட்டால் விழணும், மறுபடியும் சொல்கிறேன். ஒன்றரை வயது வரை உயரம் வேண்டாம், எலும்பு முற்றட்டும். அதுவரை கட்டை தரையிலேயே கிடக்கட்டும்.

சிமெண்டுக் களமும் வேண்டாம். வழுக்கும், மூட்டில் அடிபடும். மண் தரைதான் நல்லது. கீழே சேலத்து வெயிலில் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடுவதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பன்னிரண்டு கம்பம், இடைவெளி 60 சென்டிமீட்டர், நுழையும்போது முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் வரணும். முதலில் ஆறு கம்பம் போதும். வணக்கம்.