எத்தனை மார்க்?

(எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் இதே கூடத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். வழக்கம்போல ஆளுக்கொரு மார்க் சொன்னோம். கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி 5க்கு 2 என்றாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த பெரியவர் 5க்கு 5 என்றார். எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பலகையில் மூன்றரை என்று எழுதினோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அந்த மூன்றரைதான் மனசில் ஓடியது. அன்று மூன்றரை போட்டவர் இந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் பலகையில் நின்றது யாருடைய கருத்து?

நல்லவேளையாக, பெரியவர் மார்க்கோடு விடவில்லை. “எந்த இடத்துலம்மா அலுத்துச்சு?” என்று கேட்டார். அவள் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். இந்தோனேசியாவின் மேடான் நகரத்துத் தெருப்பெயர்கள், நடுவே மலாய்ச் சொல், டச்சுச் சொல். அதுகூடப் பரவாயில்லை, தமிழ்ச் சொல்லே புரியவில்லை என்றாள். அடுத்தாள் என்றால் யார்? பெட்டியடிப் பையன் என்றால் யார்?

பெரியவருடைய அப்பா பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவர் சொல்லத் தொடங்கினார். கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அடுத்தாள். பெட்டியடியில் உட்கார்ந்து, சொன்ன வேலையைச் செய்து, கணக்கெழுதப் பழகுகிற பொடியன்தான் பெட்டியடிப் பையன். மீசை முளைக்காத வயதில் கப்பல் ஏறி, மூன்று வருஷக் கணக்கில் ஊரைப் பிரிந்து இருப்பார்கள். “எங்கப்பா சாகிற வரைக்கும் சம்மணம் போட்டு, முன்னால ஒரு சாய்வுப் பெட்டி வெச்சுத்தாம்மா எழுதுவார்” என்று சொல்லி, எழுதுகிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். அந்தத் தங்கை அதே பிரதியை மறுபடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். இன்று வந்து 3 என்கிறாள். பெண்கள் வந்து போகிறார்களே தவிர கதையில் நிற்கவில்லை, அதற்கு மேல் என்னால் தர முடியாது என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியவரும் தலையாட்டினார்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். நாவலுக்கு மார்க் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த மார்க்கைப் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மார்க் நமக்குப் புதிதில்லை. சினிமாவுக்கு ஆனந்த விகடன் போட்ட மார்க்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘16 வயதினிலே’ வாங்கிய அறுபத்திரண்டரையை இன்றும் பேசுகிறோம். ஆனால் எல்லார் கையிலும் ஒரே தராசு இல்லை. வாசகர்கள் புத்தகங்களுக்கு மார்க் போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தால் ‘பரவாயில்லை’ என்றுதான் பொருள். மூன்று கொடுத்தால் ‘பிடித்தது’. நம் ஊரில் 5க்கு 2 என்றால் பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறிய மாதிரி. ஒரே எண்ணை ஒருவர் ‘படிக்கலாம்’ என்று சொல்கிறார், இன்னொருவர் ‘தொடாதே’ என்று கேட்கிறார். பாவம், நடுவில் அகப்படுவது புத்தகம்.

சிங்காரம் எழுதியது மொத்தமே இரண்டு நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல். இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் போய், உலகப் போரைக் கண்ணால் பார்த்துத் திரும்பியவர். மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, எந்த இலக்கியக் கூட்டத்திலும் சேராமல், தனியாக வாழ்ந்தார். நாவல் வந்தபோது பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. அப்புறம் படித்தவர் படித்தவரிடம் சொல்லி, பிரதியைக் கைமாற்றிக் கொடுத்து, பல வருஷம் கழித்துத்தான் அது தமிழின் முக்கியமான நாவல்களில் ஒன்றாக நின்றது. 1997இல் அவர் இறந்தார். அந்த நாவலைக் காப்பாற்றியது ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் சொன்ன வார்த்தை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

இந்தச் சொல்கிற வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் விமர்சகர் க.நா.சு. நல்ல நூல்களைப் பட்டியல் போட்டார். ஏன் நல்லது என்று விளக்காமல் பட்டியல் மட்டும் போடுகிறார் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. திட்டியவர்கள் பக்கமும் நியாயம் உண்டுதான். ஆனால் புத்தகம் கிடைப்பதே அரிதாக இருந்த நாளில், அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேடிப்போனவர்கள் எத்தனையோ பேர். அவர் புத்தகம் ஒன்றின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது. எவ்வளவு அழகான தலைப்பு! எத்தனை மார்க் என்று கேட்டால் பதில் ஓர் எண்ணோடு முடிந்துவிடும். படித்திருக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை, ஏன், என்ன இருக்கிறது அதில் என்று பேச்சு வளரும்.

எப்படிப் படித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. அந்த வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஏழு நாள் காத்திருந்தார்கள். இன்று ஐந்து பாகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு லீவில் ஒரே மூச்சாகப் படிக்கிறோம். ‘இழுவை’ என்று ஒருவர் சொன்னால் தப்பில்லை. பத்து நாளில் ஐந்து பாகம் படித்தேன், அதனால் இழுவையாகத் தெரிந்தது என்று சொன்னால் கேட்பவருக்குப் பயன்.

நம் நூலகப் புத்தகங்களில் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தப்பு, எழுதாதீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. ஒரு பழைய குடும்ப நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒருவர் ‘அறுவை’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், மெல்லிய எழுத்தில், ‘ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். 112ஆம் பக்கத்தில் அழுதேன்’ என்று இருந்தது. நான் உடனே 112ஆம் பக்கத்தைத் திருப்பினேன். மருமகள் மாமியாருக்குத் தலை வாரிவிடுகிறாள், அவ்வளவுதான். ‘அறுவை’ என்று எழுதியவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் கடைசிக்கு வந்திருப்பார். எனக்கு அந்த நாவலைப் படிக்க வைத்தது அந்த 112தான்.

சரி, அடுத்த மாதம் ‘கடலுக்கு அப்பால்’. அளவில் சிறியது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். வரும்போது ஆளுக்கொரு பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள், பிடித்த பக்கமோ மூடிவைத்த பக்கமோ எதுவானாலும் சரி. பலகையில் இந்த முறை அந்த எண்களை எழுதுவோம். நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. இதோ, மேசைமேல் இருக்கிறது. அதை முதலில் அந்தத் தங்கையிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் படித்து முடித்ததும் பெரியவருக்கு.