படகில் நால்வர், கதை சொன்னவர் மூவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சரி, தப்பு என்பது சூழ்நிலையைப் பொறுத்ததா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நம்மில் பலரிடம் இரண்டு பதில் கைவசம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் "பாவம், சூழ்நிலை அப்படி" என்போம். எதிர்வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் "வளர்ப்பு சரியில்லை" என்போம். இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச ஆரம்பித்தால் பட்டிமன்றமாகிவிடும். அதனால் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்த வழக்குதான். நானும் வகுப்பில் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் கொஞ்சம் மன்னிக்க வேண்டும்.

1884 மே மாதம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து மின்யோனெட் என்ற சிறிய பாய்மரக் கப்பல் சிட்னிக்குப் புறப்பட்டது. அதை வாங்கியிருந்தவர் அங்கே ஒரு வழக்கறிஞர். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக நாலு பேர் போனார்கள். கேப்டன் டாம் டட்லி, அவருக்கு அடுத்த நிலையில் எட்வின் ஸ்டீபன்ஸ், மாலுமி எட்மண்ட் ப்ரூக்ஸ், அப்புறம் எடுபிடி வேலைக்கு ரிச்சர்ட் பார்க்கர். பார்க்கருக்கு வயது 17. அப்பா அம்மா இல்லாத பையன்.

ஜூலை 5ஆம் தேதி, நன்னம்பிக்கை முனையிலிருந்து சுமார் 1,600 மைல் தள்ளி, புயலில் ஒரு பெரிய அலை அடித்துக் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. நால்வரும் 13 அடி நீளப் படகு ஒன்றில் தப்பினார்கள். கையில் இருந்தது இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு. குடிக்கத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நாலாம் நாள் ஒரு சின்ன ஆமை கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் வரை அதைத் தின்று ஓட்டினார்கள். மழை பெய்தபோது மேல்கோட்டை விரித்துப் பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தார்கள். அதன் பிறகு எதுவும் இல்லை. பையன் தாகம் பொறுக்காமல் கடல்நீரைக் குடித்து, படகின் அடியில் சுருண்டு கிடந்தான்.

சீட்டுப் போட்டு ஒருவரைக் கொல்லலாம் என்று டட்லி பேச்செடுத்தார். ப்ரூக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பையனிடம் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, அதனால் பையனைக் கொல்வதுதான் மேல் என்று டட்லியும் ஸ்டீபன்ஸும் பேசிக்கொண்டார்கள். இருபதாம் நாள் டட்லி பிரார்த்தனை செய்துவிட்டு, உன் நேரம் வந்துவிட்டது என்று பையனிடம் சொல்லிக் கழுத்தில் கத்தியை இறக்கினார். மூவரும் அந்த உடலைத் தின்று உயிர் தாங்கினார்கள். நாலு நாள் கழித்து ஒரு ஜெர்மானியக் கப்பல் மூவரையும் உயிரோடு தூக்கிவந்தது.

ஊர் வந்து சேர்ந்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கியதும் நடந்ததை நடந்தபடி அதிகாரிகளிடம் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். கடலில் போகிறவர்களுக்கு இதெல்லாம் நேர்வதுதான், அத்துடன் முடிந்துவிடும் என்றே நினைத்தார்கள். ஊர் ஜனங்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அரசு கொலை வழக்குப் போட்டது. செத்துப்போன பையனின் அண்ணனும் ஒரு மாலுமிதான்; அவர் நீதிமன்றத்துக்கு வந்து மூவரிடமும் கை குலுக்கினார்.

இந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் தீர்ப்பு என்ன என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலும் டட்லி பக்கம்தான் கை உயரும். பசி வந்தால் பத்தும் பறந்து போகும், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவர்களைக் குற்றம் சொல்ல நாம் யார் என்பார்கள். நியாயமான கேள்விதான். வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல உட்கார்ந்த பொதுமக்களான ஜூரிகளும், அந்த உடலைத் தின்னாமல் இருந்திருந்தால் இவர்கள் அநேகமாகப் பிழைத்திருக்க மாட்டார்கள், பையன் அநேகமாக இவர்களுக்கு முன்னால் செத்திருப்பான் என்றுதான் சொன்னார்கள். அதனால், இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நான் கேட்க மாட்டேன். கப்பல் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அதே ஜூரிகள் இன்னொன்றும் சொன்னார்கள். யாரையாவது கொன்றே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், மற்ற மூவரை விட்டுவிட்டுப் பையனைக் கொல்லத் தனியாக எந்தக் கட்டாயமும் இல்லை என்பதே அது. எனக்கு முழு வழக்கும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பசி நால்வருக்கும் பொது. தாகமும் பொது. சூழ்நிலை என்று எதைச் சொல்கிறோமோ அது நால்வருக்கும் ஒன்றுதான். பிறகு கத்தி ஏன் பார்க்கர் பக்கம் திரும்பியது? அவன் நோயாளி, சின்னவன், கேட்க நாதியில்லாதவன். இதைச் சூழ்நிலை என்று சொல்ல முடியுமா? இளைத்தவன் யார் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது" என்பது கேட்கப் பரிதாபமாக இருக்கிறது. அதையே திருப்பிப் போட்டால், அநாதையின் உயிர் மலிவு என்று ஆகிறது.

நாம் கேட்கும் இந்தக் கதை முழுக்கப் பிழைத்து வந்தவர்கள் சொன்ன கதை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் படகின் அடியில் கிடந்தவன் பார்த்த சூழ்நிலை எந்த ஏட்டிலும் இல்லை. சூழ்நிலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், அதை யார் விவரிக்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபுவும் அங்கேதான் கையை வைத்தார். இந்த மாதிரிக் கட்டாயம் வந்துவிட்டது என்று முடிவு செய்வது யார், யார் உயிர் பெரிது என்பதை எதைக் கொண்டு அளப்பது, பலத்தையா புத்தியையா என்று கேட்டார். நம்மாலேயே எட்ட முடியாத அளவுகோலைப் பல சமயம் நாம் வைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். அந்தப் படகில் இருந்திருந்தால் தானும் அதைச் செய்திருக்கக்கூடும் என்பதை மறைக்காத நீதிபதி! டட்லி, ஸ்டீபன்ஸ் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அரசு கருணை காட்டி அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தது.

தூக்கில் போட மாட்டார்கள் என்று தெரிந்தே தூக்குத் தண்டனை சொல்வது வெறும் நாடகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்தது கொலையா என்பது ஒரு கேள்வி. அதைச் செய்தவரை என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பசி பதில் ஆகாது. இரண்டாவதற்குப் பசிதான் முழுப் பதிலும். அப்படியென்றால் ஆறு மாதமே அதிகம் என்றுகூட வாதாடலாம்.

நம் சட்டமும் சூழ்நிலையைப் பார்க்கிறது. மின்யோனெட்டுக்கு 24 வருஷம் முன்பே, 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் ஒரு கப்பல் உதாரணம் உண்டு. நீராவிக் கப்பல் ஒன்று. எதிரே இருபது முப்பது பேர் உள்ள படகு. தன் தப்பு எதுவும் இல்லாமல் கேப்டன் அந்த நிலைக்கு வந்துவிட்டார். கப்பலை நிறுத்த நேரமில்லை, திருப்பினால் இரண்டே பேர் உள்ள இன்னொரு படகில் மோதும் அபாயம் இருக்கிறது. பெரிய படகைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தோடு அவர் திருப்பினால் குற்றமில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 19ஆம் பிரிவு. இங்கே அந்த இரண்டு பேரும் தப்பித்துவிட்டால் கேப்டனுக்குச் சந்தோஷம்தான். பார்க்கர் தப்பித்திருந்தால் டட்லிக்கு எதுவுமே கிடைத்திருக்காது. அவன் செத்தால்தான் அவருக்குச் சோறு. நீராவிக் கப்பல் கேப்டனும் டட்லியும் சொல்லும் வார்த்தை "வேறு வழியில்லை" என்பதுதான். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

2021 மே மாதம் நமக்கு மறந்திருக்காது. சென்னையில் அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. ஆக்சிஜன் படுக்கை ஒன்று காலியானால் அடுத்து யாரை ஏற்றுவது என்று டாக்டர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முழுக்க முழுக்கச் சூழ்நிலைக்கேற்ற முடிவுதான். அதை நாம் ஏற்றுக்கொண்டோம் என்றால், முடிவு சொன்ன டாக்டர் அந்தப் படுக்கையில் படுக்கப்போவதில்லை என்பதும் ஒரு காரணம். அவரே தன் மச்சானைக் கொண்டுவந்து வரிசைக்கு முன்னால் படுக்க வைத்திருந்தால் நம் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

வள்ளுவர் சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காதவர் அல்ல. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வளைந்து கொடுத்தார். கொல்லாமை அதிகாரத்துக்கு வரும்போது, தன் உயிரே போவதானாலும் இன்னொரு உயிரை நீக்காதே என்று முடித்துவிட்டார். எதில் வளையலாம், எதில் கூடாது என்று அவருக்குத் தெளிவு இருந்திருக்கிறது. பழமொழி சொல்லும் பத்தும் பறக்கலாம். மானம், குலம், கல்வி என்று போகும் அந்தப் பட்டியலில் கொல்லாமை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக ப்ரூக்ஸ். அவர் மீது வழக்கு நடக்கவில்லை. அரசுத் தரப்புக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவர் கொலைக்குச் சம்மதிக்கவில்லை, கத்தியைத் தொடவில்லை. சாப்பிடும்போது மட்டும் பங்கு எடுத்துக்கொண்டார். டட்லியை மன்னிக்கும் மாணவர்கள் சிலருக்குக்கூட இவரைக் கண்டால் ஆகாது. பாவத்தை அடுத்தவன் தலையில் போட்டுவிட்டுப் பலனை மட்டும் அனுபவித்தவர் என்பார்கள். நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. இருபது நாள் பட்டினியில் கிடந்தவர் எழுந்து கேப்டனின் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் போன பிறகு அவர் சாப்பிட்டதால் அவனுக்குப் புதிதாக எந்தக் கெடுதலும் நேரவில்லை. இவர் விஷயத்தில் சூழ்நிலை என்ற சமாதானத்தை நான் முழுசாகவே ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

வணக்கம்.