கதவருகே நின்று சொல்லும் விஷயம்

எல்லோருக்கும் வணக்கம்.

என் அறைக்கு வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து கால்மணி நேரம் பேசுவார்கள். முழங்கால் வலி, தூக்கமின்மை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் முடிந்துவிடும். எழுந்து போய்க் கதவில் கை வைத்த பிறகு திரும்பி, ‘அப்புறம் டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்...’ என்று இழுப்பார்கள். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் வந்தே இருப்பார்கள். மலத்தில் ரத்தம். எத்தனை நாளாக என்று கேட்டால், ‘ஏழெட்டு மாதம் இருக்கும், மூலமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்’ என்பார்கள்.

பல நேரம் அது மூலமாகவே இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே பார்க்காமல் அதை யாரும் முடிவு செய்யக் கூடாது, நான் உட்பட. கீழே மூலமும் மேலே கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

குடல் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இந்த நோயைப் பல நேரம் புற்றுநோயாக ஆவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம். எல்லாப் புற்றுநோயிலும் இந்த வசதி கிடையாது.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய். அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளரும். பாலிப் என்கிறோம். பெரும்பாலானவை கடைசிவரை சாதுவாகவே இருந்துவிடும். சில மட்டும் குணம் மாறும், அதற்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் போல ஆகும். அவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோய் இது!

ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை அனுப்பிப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோப்பி. அதைச் செய்யும்போது திரையில் ஈரமாக மினுங்கும் இளஞ்சிவப்புச் சுவர் தெரியும். ஒரு வளைவைத் தாண்டினால், காம்பும் தலையுமாகக் காளான் மாதிரி ஒன்று நிற்கும். குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கை அனுப்பி, காம்பில் மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சினால் அறுந்து விழும். சில நிமிட வேலை. உட்சுவரை வெட்டினால் வலி தெரியாது. 1969-இல் இந்தச் சுருக்கு வருவதற்கு முன், உயரத்தில் இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கிற மருந்துதான் கஷ்டம். அதை நான் மறைக்கப் போவதில்லை, நானும் குடித்திருக்கிறேன்.

அவகாசத்தைத் தவறவிட்டால்? 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, குடலோடு அடங்கியிருக்கும்போது கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு என்றால், ஏழு பேரில் ஒருவர் போலத்தான்.

சரி, ரத்தம் தெரிந்தால்தானே போவது என்று கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான். இடது பக்கக் குடல் குறுகல், மலமும் கெட்டி. அங்கே கட்டி வந்தால் ரத்தம் கண்ணில் படும், மலம் கழிக்கும் வழக்கம் மாறும். வலது பக்கமோ அகலம், உள்ளே இருப்பதும் கூழ் மாதிரி. கட்டி தாராளமாக வளரும், ரத்தம் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து ஏன் குறைந்தது என்று புரியாவிட்டால், குடலைப் பார்த்தே ஆக வேண்டும். வெறும் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

அதனால்தான் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே மலப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். மூடியோடு ஒரு குச்சி, சிறு குப்பி. மலத்தை இரண்டு மூன்று இடத்தில் குச்சியால் சுரண்டிக் குப்பியில் செருக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை அது காட்டிக் கொடுக்கும். ரத்தம் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கொலோனோஸ்கோப்பி தேவை என்று அர்த்தம். ‘இன்னொரு தடவை அதையே செய்து பார்க்கலாமே’ என்று பேரம் பேசாதீர்கள். இல்லை என்று வந்தாலும் ஒரு தடவையோடு முடியாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-இல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு 43 வயதுதான். ஆகவே இளைஞர்களே, ரத்தத்தைப் பார்த்தால் வயதைக் கணக்குப் போட்டுக் காத்திருக்காதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில் தொடங்குங்கள், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. வீட்டில் கேட்டுப் பாருங்கள், பலர் ‘வயிற்றில் ஏதோ கட்டி’ என்றுதான் சொல்லி வைத்திருப்பார்கள்.

வாசலருகே மேசையில் பரிசோதனைக் குப்பிகள் வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே பேனாவும் இருக்கிறது. மாதிரி எடுத்த தேதியை மறக்காமல் எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் ஆய்வகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.