பந்திக்கு வெளியே நின்றவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சுவிட்சர்லாந்தின் மக்கள் வாக்கெடுப்பு நீதியை வளர்த்ததா, தாமதப்படுத்தியதா?" என்பது தலைப்பு. தாமதப்படுத்தியது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் இரண்டு நல்ல உதாரணம் சொன்னார். 1938ல் சிறுபான்மையினரின் ரொமாஞ்சு தேசிய மொழியானது. 91 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. 1947ல் முதியோர் காப்பீடு. அதற்கு 80 சதவீதம். சரி, இரண்டும் பெருமைக்குரியவைதான். ஆனால் ரொமாஞ்சு பேசிய ஆண்களுக்கும் ஓட்டு இருந்தது. முதுமையோ ஓட்டுப் போட்ட எல்லோருக்கும் வரப்போவது. ஓட்டே இல்லாதவர்களின் வழக்கு வந்தபோது என்ன நடந்தது?

1957ல் பெண்களுக்கும் சிவில் பாதுகாப்புப் பணியைக் கட்டாயமாக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமை பெண்கள் தலையில், ஓட்டு ஆண்கள் கையில்! வாலே மாநிலத்தின் உன்டர்பேக் என்ற மலைக்கிராமம் இதைப் பொறுக்காமல் தன் ஊர்ப் பெண்களையும் ஓட்டுப் போட வைத்தது. அந்தச் சீட்டுகள் தனிப் பெட்டியில் விழுந்தன. அவற்றை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

அப்புறம் 1959, பிப்ரவரி 1. பெண்களுக்கு வாக்குரிமை தர நாடாளுமன்றம் ஏற்கெனவே சம்மதித்துவிட்டது. திருத்தம் ஆண்களிடம் போனது; சுமார் 67 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம், வாசலில் நிற்பவருக்கு இலை போடலாமா என்று கேட்டது போலத்தான் இது.

"1971ல் அதே ஆண்கள் பெண்களுக்கு வாக்குரிமை தந்து திருத்திக்கொண்டார்களே" என்கிறார் நண்பர். நடுவர் அவர்களே, இடையில் போன பன்னிரண்டு ஆண்டுகளை அந்தப் பெண்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

1971லும் கதை முடியவில்லை. மாநிலத் தேர்தல்களில் ஓட்டுப் போட அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தின் பெண்களுக்கு உரிமை கிடைக்கவில்லை. அங்கே சதுக்கத்தில் கூடிக் கைதூக்கி முடிவெடுப்பது வழக்கம். 1990 ஏப்ரலில்கூட அந்த ஆண்கள் மறுத்தார்கள். பெண்கள் நீதிமன்றம் போனார்கள். நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1991 ஏப்ரலில் அதே சதுக்கத்துக்குள் நின்று பெண்கள் கை தூக்கினார்கள். அவர்களை உள்ளே அழைத்துவந்தது வாக்கெடுப்பு அல்ல நடுவர் அவர்களே, நீதிமன்றம்.