கட்டற்ற மென்பொருள் குழுவில் யாருக்கெல்லாம் இடம்?

[காட்சி: பாளையங்கோட்டை பேருந்து நிலையம், காலை நேரம். கல்லூரிக்குப் போகும் கூட்டம்.]

வணக்கம். கட்டற்ற மென்பொருளின் உரிமம் யாரிடமும் ஊர் பேர் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் அதை இயக்கலாம், நிரலைப் பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், முழுக்கக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததில் தொடங்கியது இந்தக் கொள்கை. ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் மனிதர்கள். அவர்கள் குழுவாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அபிஷேகப்பட்டியில் படிக்கும் ஒரு மாணவி அந்தக் குழுவுக்குள் காலடி எடுத்து வைத்தால் என்ன நடக்கிறது? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஒரு இயங்குதளம், ஆனால் கட்டற்றது. லினக்ஸ் கணினியில் நம் கண்ணில் படும் மேசைத்திரையை உருவாக்கும் திட்டங்களில் ஒன்று க்னோம். 2006-இல் கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டம் வழியாக க்னோமில் வேலை செய்ய 180-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒன்றுகூட பெண்ணிடமிருந்து வரவில்லை. "பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். க்னோம் குழுவினர் அப்படி விடவில்லை. பெண்களுக்கென்றே தனியாக ஒரு கோடைக்காலத் திட்டம் அறிவித்தார்கள். அதற்கு 100 விண்ணப்பங்கள் அளவுக்கு வந்து சேர்ந்தன! ஆர்வம் முதலிலிருந்தே இருந்தது, அழைப்புதான் போய்ச் சேரவில்லை. அந்த முயற்சி வளர்ந்து இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கிறது. உதவித்தொகை உண்டு, வழிகாட்ட ஒருவர் உண்டு, வீட்டிலிருந்தே 3 மாதம் வேலை செய்யலாம். தகுதி விதிகளைப் படித்துவிட்டு நெல்லையில் இருந்தும் விண்ணப்பிக்கலாம்.

[காட்சி: திரையில் 95, 3 என்ற இரண்டு எண்கள்.]

நிலைமை அதோடு மாறிவிடவில்லை. 2017-இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 5,500 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 95 சதவீதம் பேர் ஆண்கள், 3 சதவீதம் பேர் பெண்கள். பாளையங்கோட்டையில் எந்தக் கல்லூரியின் கணினி வகுப்பை எட்டிப் பார்த்தாலும் இந்த விகிதம் இருக்காது. அப்படியானால் வகுப்பில் இருக்கும் பெண்கள் குழுவுக்கு வரும் வழியில் எங்கே நின்றுபோகிறார்கள்?

என் பார்வையில், பலர் நின்றுபோவது முதல் பதிலில். அந்த மாணவி மென்பொருளில் ஒரு வழுவை, அதாவது பிழையை, கண்டுபிடிக்கிறாள். தயங்கித் தயங்கித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறாள். "மேனுவலைப் படித்துவிட்டு வா" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. பதில் எழுதியவருக்கு அது ஒரு நிமிட எரிச்சல், மறந்துவிடுவார். அவள் திரும்பி வரமாட்டாள். இதையே, "நன்றி, எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள்? இந்தப் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது, புரியாவிட்டால் கேளுங்கள்" என்று எழுத இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில், தன் கடுமையான பேச்சு மற்றவர்களைக் காயப்படுத்தியதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கி இருந்தார். அதே நேரத்தில்தான் கெர்னல் குழு நடத்தை விதிகளையும் ஏற்றது.

நடத்தை விதி என்றால், குழுவில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகலாம், எது கூடாது, மீறினால் என்ன செய்வோம் என்று எழுதி வைப்பது. பல திட்டங்கள் பயன்படுத்தும் மாதிரி விதி கான்ட்ரிபியூட்டர் கவனன்ட், 2014-இல் வந்தது. அதன் 2.1 பதிப்பில் நமக்கு மிக முக்கியமான ஒன்று சேர்ந்திருக்கிறது: பாகுபாடு காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் சாதியும் இருக்கிறது.

[காட்சி: பள்ளி மாணவன் ஒருவனின் மணிக்கட்டு. வண்ணக் கயிறு.]

நம் மாவட்டத்தில் இதைப் பூசி மெழுக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட முன்னாள் நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. இந்தப் பள்ளிகளில் இருந்துதான் நம் லினக்ஸ் குழுக்களுக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று புதிதாக வந்தவரிடம் கேட்பது சாதாரண விசாரிப்பு போலத் தெரியும். அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கப்படுகிறவருக்கு நன்றாகவே தெரியும். குழுவில் அதைக் கேட்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். என்ன செய்யப் பிடிக்கும், எதில் உதவி வேண்டும் என்று கேளுங்கள்.

"எங்களுக்கு நிரல்தான் முக்கியம், ஆள் யார் என்று பார்ப்பதில்லை" என்பார்கள் சிலர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே நிலைத்து நின்றவர்களின் திறமையைத்தான் குழுவால் பார்க்க முடியும். தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் சரியாகப் பாய்கிறதா என்பதை அணைக்கட்டில் நின்று சொல்ல முடியாது, கடைமடைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உருவாகும் பொருளே மாறுகிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006-இல் தொடங்கியது. தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். விலை உயர்ந்த திரைவாசிப்பான்களை வாங்க முடியாதவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. ஈஸ்பீக் என்ஜி என்ற கட்டற்ற பேச்சுப்பொறியோடு சேரும்போது தமிழையும் படித்துக் காட்டுகிறது. நூறாண்டு கடந்த பார்வையற்றோர் பள்ளி இருக்கும் பாளையங்கோட்டைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அங்கே படிக்கும் பிள்ளைகளை இதைப் பயன்படுத்துகிறவர்களாக மட்டும் பார்க்கக் கூடாது. தமிழ் உச்சரிப்பு எங்கே தடுமாறுகிறது என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாரால் முடியும்?

அதுவும் பங்களிப்புதான். மொழிபெயர்ப்பு, ஆவணம், சோதனை எல்லாமே பங்களிப்புதான். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம் 2010-இலேயே வாக்கெடுப்பு நடத்தி, நிரல் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) தயாரிக்காத பங்களிப்பாளர்களும் முழு உறுப்பினர் ஆகலாம் என்று முடிவு செய்தது.

[காட்சி: வகுப்பறையில் மடிக்கணினிகளோடு ஒரு சிறு குழு.]

சரி, உங்கள் ஊரில் ஒரு குழு தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரியில் கூடாதீர்கள். முக்கூடலுக்கும் களக்காட்டுக்கும் பஸ் பிடித்துப் போக வேண்டியவர்கள் வரமாட்டார்கள். ஞாயிறு காலை நல்லது. படி ஏறாமல் போகக்கூடிய அறையாகப் பாருங்கள். பேசியதைத் தமிழில் எழுதிப் போடுங்கள், வர முடியாதவர் படித்துக்கொள்வார். அப்புறம், நடத்தை விதியை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. புகார் வாங்க இரண்டு பேரை முன்கூட்டியே அறிவியுங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகக் கூடாது. புகார் அந்த இருவரில் ஒருவர் மேலேயே வந்தால் யார் விசாரிப்பது என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.