தெர்மோப்பிலேயில் நின்றவர்கள் முந்நூறு பேர் மட்டுமல்லர்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கி.மு. 480ஆம் ஆண்டில் தெர்மோப்பிலே என்னும் கடலோரக் கணவாயில் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து நின்று மடிந்த கிரேக்க வீரர்களுக்கு, 2007இல் திரைக்கு வந்த '300' என்ற ஹாலிவுட் படம் பெருமை சேர்த்ததா, சிறுமை சேர்த்ததா என்பதே இன்றைய வழக்கு. சிறுமையே சேர்த்தது என்று வாதிட நான் இங்கே நிற்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். இது ஆவணப்படம் அன்று, அழகூட்டப்பட்ட படைப்பு என்றார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அட்டு உண்பதை உண்மை என்று நம்பியா படிக்கிறோம் என்று கேட்டார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எத்தனையோ இளைஞர்கள் கிரேக்க வரலாற்றைத் தேடிப் போனார்கள் என்றும் சொன்னார். கடைசி வாதத்துக்கு நானே சாட்சி. கல்லூரி விடுதி அறையில், ஒரே மடிக்கணினியின் முன் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். கேடயங்கள் மோதும் அந்த முதல் போர்க்காட்சியில் என் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. இந்தப் படம்தான் என்னைப் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றின் ஏழாம் நூலுக்கு அனுப்பியது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தபோது, நான் கைதட்டிப் பார்த்த படத்திலிருந்து யாரையெல்லாம் வெளியே தள்ளியிருந்தார்கள் என்பதை ஒவ்வொருவராகக் கண்டேன். என் வழக்கு அவர்களுக்கானது.

அழகூட்டியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஃபிராங்க் மில்லர் 1998இல் வெளியிட்ட சித்திரக்கதையை எடுத்துக்கொண்டு, மான்ட்ரியல் நகரப் படப்பிடிப்புத் தளத்துக்குள் நீலத்திரைகளின் முன்னால் நடிகர்களை நிறுத்தி, வானத்தையும் கடலையும் கணினியில் தீட்டிச் சேர்த்தார் இயக்குநர் ஸாக் ஸ்னைடர். வெண்கல மார்புக்கவசம் அணிய வேண்டியவர்களைச் சிவப்புப் போர்வையும் தோல் அரையாடையுமாக, திறந்த மார்போடு நிறுத்தினார். பண்டைக் கிரேக்கக் குடங்களில் ஓவியம் தீட்டியவர்களும் தலைக்கவசமும் கேடயமும் மட்டும் கொடுத்து வீரனை ஆடையின்றி வரைந்தார்கள். அந்த ஓவியனுக்கு இருந்த உரிமை இந்த இயக்குநருக்கும் உண்டு. பரணி பாடிய புலவருக்கு மிகைப்படுத்த உரிமை இருந்தது போல இவருக்கும் இருக்கிறது. ஆகவே மிகையைப் பற்றி இனி நான் பேசப் போவதில்லை. நீக்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் தெஸ்பியர்களைச் சொல்ல வேண்டும். கணவாயில் முதல் நாள் நின்ற கிரேக்கர்கள் ஏறத்தாழ 7,000 பேர். மலைப்பாதை வழியே பாரசீகர்கள் பின்பக்கம் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். ஸ்பார்ட்டா என்னும் கிரேக்க நகர அரசின் அரசன் லியோனிடஸ் தன் 300 பேரோடு நின்றான். தீப்ஸ் நகரத்தார் 400 பேரை அவன் கட்டாயத்தால் நிறுத்தி வைத்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஆனால் தெஸ்பியே என்ற சிற்றூரிலிருந்து வந்திருந்த 700 பேர், தெமோஃபிலஸ் என்பவரின் தலைமையில், லியோனிடஸை விட்டுப் போக மாட்டோம் என்று தாமாகவே சொல்லி நின்று, அவனோடு சேர்ந்து மாண்டார்கள். ஸ்பார்ட்டர்கள் ஏழு வயது முதல் போருக்கென்றே வளர்க்கப்பட்டவர்கள். தெஸ்பியர்களோ உழவு முதலிய தொழில்களை விட்டுவிட்டு ஆயுதம் ஏந்தி வந்த ஊர்க்காரர்கள். ஸ்பார்ட்டர்களைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட அந்த எழுநூறு பேரில் ஒருவர் முகத்தையேனும் படம் காட்டுகிறதா? காட்டவில்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று லியோனிடஸ் கேட்க, குயவன் என்றும் சிற்பி என்றும் கொல்லன் என்றும் கூச்சத்தோடு விடை சொல்லும், ஆர்க்கேடியா என்ற இன்னொரு கிரேக்கப் பகுதியின் வீரர்களைக் காட்டுகிறது. அவர்கள் கடைசியில் பின்வாங்கிப் போகிறார்கள். தொழில் செய்து பிழைப்பவனுக்கு உயிரைக் கொடுக்கும் துணிவு வராது என்ற எண்ணத்தை அந்தக் காட்சி நம் மனத்தில் விதைத்துவிட்டுப் போகிறது. தெஸ்பியர்களின் வாழ்வு அதற்கு நேர் எதிரான சான்று. தெர்மோப்பிலேயில் லியோனிடஸுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 1955இல். தெஸ்பியர்களுக்குத் தனிச் சின்னம் எழுந்தது 1997இல். அந்த நாட்டு மண்ணிலேயே அவர்கள் நாற்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இடத்தை, அடுத்த பத்தே ஆண்டுகளில் உலகமெங்கும் ஓடிய ஒரு படம் பறித்துக்கொண்டது.

அடுத்து ஹெலட்டுகள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருப்பது இதுதான். படம் முழுவதும் லியோனிடஸ் விடுதலை, விடுதலை என்று முழங்குகிறான். அந்த ஸ்பார்ட்டாவுக்குச் சோறு போட்டவர்கள் ஹெலட்டுகள் என்னும் அடிமை உழவர்கள். ஆண்டுதோறும் பதவியேற்கும் எஃபோர்கள் என்னும் ஆட்சியாளர்கள் அவர்கள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள் என்றும், அதனால் ஹெலட்டைக் கொல்வது பாவமாகாது என்ற நிலை இருந்தது என்றும் அரிஸ்டாட்டிலை மேற்கோள் காட்டி எழுதுகிறார் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். அந்த எஃபோர்களைக் கூட, குடிமக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து ஆட்சியாளர்களாகக் காட்டாமல், மலையுச்சியில் வாழும் அருவருப்பான பூசாரிகளாகப் படம் மாற்றிவிட்டது. ஹெலட்டுகளையோ காட்டவே இல்லை. அவர்கள் தெர்மோப்பிலேயில் இருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. போர் முடிந்ததும் பாரசீக அரசன் செர்க்சஸ் தன் பக்கம் மாண்ட 20,000 பேரில் ஆயிரம் பேரை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றவர்களைக் குழியில் புதைத்து மறைத்தான். பிறகு தன் கடற்படையினரை அழைத்து, கிடக்கும் கிரேக்கப் பிணங்களைப் பார்க்கச் செய்தான். வந்து பார்த்தவர்கள் அங்கே கிடந்தவர்கள் எல்லோரும் ஸ்பார்ட்டர்களும் தெஸ்பியர்களுமே என்று எண்ணிக்கொண்டார்கள், ஆனால் அவர்களிடையே ஹெலட்டுகளும் கிடந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். நடுவர் அவர்களே, யாருக்காக, எதற்காகத் தங்களைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்க உரிமையில்லாத மனிதர்கள், இறந்த பிறகும் வேறொருவராக எண்ணப்பட்டுக் கிடந்தார்கள். அப்போது அது கண்டவர்களின் பிழை. எல்லாச் சான்றும் கையில் இருக்கும் காலத்தில் எடுத்த படத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மலைப்பாதையைக் காட்டிக் கொடுத்த எஃபியால்டீஸைக் கூனல் விழுந்த உடலும் கோணிய முகமுமாகப் படம் காட்டுகிறது. அவன் மாலிஸ் நாட்டைச் சேர்ந்தவன், பாரசீக அரசனிடம் பெரும் பரிசு கிடைக்கும் என்று நம்பிப் போனான் என்பதுதான் ஹெரோடோட்டஸ் தரும் செய்தி. உடற்குறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் குறையுள்ள குழந்தைகளை எறிந்த பள்ளத்தையும், பிற்பகுதியில் குறையுள்ளவன் செய்யும் துரோகத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு சிறுவன் என்ன முடிவுக்கு வருவான்? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஸ்பார்ட்டாவை ஆண்ட, அந்த நாட்டின் பேர்பெற்ற அரசர்களில் ஒருவனான அகசிலாவுஸ் ஒரு கால் ஊனமானவன் என்பதை அந்தச் சிறுவனுக்கு யார் சொல்வார்கள்?

பாரசீகர்களுக்கு வருவோம். சூசா நகரில் செர்க்சஸின் தந்தை டரயஸ் மன்னனின் அரண்மனைச் சுவரில் இருந்த வில்லாளர் வரிசை இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெருகேற்றிய செங்கற்களில், பூவேலை செய்த நீண்ட அங்கியும் சுருட்டிவிட்ட தாடியும் தோளில் அம்பறாத்தூணியுமாக அவர்கள் நிற்பதைப் படங்களில் பார்த்தாலே அந்த நாகரிகத்தின் நயம் விளங்கும். இந்தப் படத்தில் பாரசீகத்தின் சிறப்புப் படையினர் வெள்ளி முகமூடிக்குள் அரக்க முகத்தோடு வருகிறார்கள். அவர்கள் அரசன் மயிரற்ற உடலெங்கும் பொன் வளையம் குத்திய பூதமாக வருகிறான். 2007இல் ஈரான் அரசு வெளிப்படையாகக் கண்டித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் நான் கிரேக்கர்களுக்காகவே கேட்கிறேன். பூதத்தை எதிர்த்து நின்றவனைவிட, தன்னைப் போலவே தாயும் உடன்பிறந்தாரும் உள்ள மனிதனை எதிர்த்து நின்றவனுக்கே நெஞ்சுரம் அதிகம் வேண்டும். லியோனிடஸின் உடலுக்காக நடந்த போரில் செர்க்சஸின் தம்பியர் இருவர் போரிட்டு மாண்டார்கள் என்று எதிரி நாட்டான் வீரத்தையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறார் ஹெரோடோட்டஸ். ஏஸ்கிலஸ் என்ற ஏதென்ஸ் நாடகாசிரியர், தெர்மோப்பிலேக்கு முன்பு நடந்த மாரத்தான் போரில் பாரசீகர்களோடு நேருக்கு நேர் பொருதியவர். அவருடைய அண்ணனோ தம்பியோ, உடன்பிறந்தவர் ஒருவர் அதே போரில் பாரசீகக் கப்பலைப் பற்றிப் பிடித்தபோது கோடரியால் கை வெட்டுண்டு இறந்தார். அந்த ஏஸ்கிலஸ் கி.மு. 472இல், தெர்மோப்பிலே நடந்து எட்டே ஆண்டுகளில், 'பாரசீகர்கள்' என்ற நாடகத்தை ஏதென்ஸில் அரங்கேற்றினார். மேடையில் தோன்றியது சூசா அரண்மனை. மகனுக்காகக் கலங்கியவள் செர்க்சஸின் தாய். ஊரை எரித்த எதிரியின் வீட்டு அழுகையைக் காது கொடுத்துக் கேட்ட ஏதென்ஸ் மக்கள் அந்த நாடகத்துக்கு முதற்பரிசு கொடுத்தார்கள். எதிரணி நண்பர் கேட்ட கலை உரிமை அங்கேயும்தான் இருந்தது.

லியோனிடஸின் மனைவி அரசி கோர்கோவைப் பற்றி ஒன்று மட்டும். நாடு கடந்து வாழ்ந்த ஒருவன் எழுத்தே இல்லாத மெழுகுப் பலகை ஒன்றை ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பினான். எல்லோரும் விழித்து நின்றபோது, மெழுகைச் சுரண்டுங்கள், மரத்தில் எழுதியிருக்கும் என்று சொன்னவள் அவள். செர்க்சஸின் படையெடுப்புச் செய்தி அப்படித்தான் வெளிப்பட்டது. அந்த அறிவைக் காட்டாமல், இல்லாத ஒரு சூழ்ச்சியையும் ஒரு வன்கொடுமைக் காட்சியையும் படம் அவள் மீது சுமத்தியது.

இறுதியாக, படத்தின் கதை முழுவதும் டிலியோஸ் என்ற வீரன் தன் படையினரை ஊக்குவிக்கச் சொல்லும் கதைதானே, அவன் கூட்டியும் குறைத்தும்தான் சொல்வான் என்றும் எதிரணியினர் கேட்கலாம். ஒரு கண்ணை இழந்து, அரசன் ஆணையால் செய்தி சுமந்து ஊர் திரும்பி, போற்றப்படுபவன் டிலியோஸ். அவனை நினைவூட்டும் உண்மை மனிதன் அரிஸ்டோடெமஸ். அவனுக்கும் யூரிட்டஸ் என்ற தோழனுக்கும் கடுமையான கண்நோய் வந்ததால் அரசன் இருவரையும் பாசறையிலிருந்து அனுப்பி வைத்தான். பாரசீகர் சுற்றி வளைத்த செய்தி கேட்டதும் யூரிட்டஸ் கவசத்தை அணிந்துகொண்டு, என்னைப் போர்க்களத்துக்கு அழைத்துப் போ என்று தன் ஹெலட்டிடம் சொன்னான். கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட ஹெலட் ஓடிவிட்டான். யூரிட்டஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து மாண்டான். அரிஸ்டோடெமஸ் உயிரோடு ஊர் திரும்பினான். ஸ்பார்ட்டாவில் ஒருவரும் அவன் அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கவில்லை, ஒருவரும் அவனோடு பேசவில்லை, நடுங்கியவன் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு பாரசீகர்களோடு நடந்த பிளாட்டியாப் போரில் அவன் அணியை விட்டு முன்னே பாய்ந்து எல்லோரையும் விட வீரமாகப் போரிட்டு இறந்தான். சாவைத் தேடிப் போனவன் என்று சொல்லி அப்போதும் அவனுக்குச் சிறப்புச் செய்ய மறுத்தார்கள். நெருப்பில்லாத அடுப்பின் முன் ஓராண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதனிடம்தான் ஸ்பார்ட்டாவின் முழு உண்மையும் இருக்கிறது. படம் அவனைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் வெற்றிக் கதை சொல்பவனை உட்கார வைத்தது.

அந்த டிலியோஸ் பிளாட்டியாக் களத்தில் நின்று, பத்தாயிரம் ஸ்பார்ட்டர்கள், முப்பதாயிரம் சுதந்திரக் கிரேக்கர்கள் என்று கணக்குச் சொல்ல, எல்லோரும் ஓடிப் பாய்வதோடு படம் முடிகிறது. ஹெரோடோட்டஸின் கணக்கில் அந்தக் களத்தில் ஸ்பார்ட்டர் ஒருவருக்கு ஏழு பேர் வீதம் 35,000 ஹெலட்டுகள் நின்றார்கள். செர்க்சஸ் எரித்த ஊரிலிருந்து, கனத்த கவசம் எதுவும் இல்லாமல், 1,800 தெஸ்பியர்களும் வந்து நின்றார்கள். அந்தக் கடைசிக் காட்சியில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எதிரணியினர் இந்த அவைக்குக் காட்டட்டும். வணக்கம்.