சம்னர் பள்ளியும் சம்னரும்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத் தலைநகரம் டொபீகா. அங்கே குடியிருப்புகளுக்கு நடுவே சம்னர் தொடக்கப் பள்ளி என்று ஓர் அரசுப் பள்ளி இருந்தது. 1950-ல், ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்த ஆலிவர் பிரவுன் தன் மகள் லிண்டாவைக் கைப்பிடித்து அங்கே கூட்டிப்போனார். வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் பள்ளி. தெருவில் அவளோடு விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். லிண்டா கறுப்பினச் சிறுமி என்பதால் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய நகரங்களில் தொடக்கப் பள்ளிகளை இன வாரியாகப் பிரிக்கலாம் என்று கான்சஸில் 1879-லிருந்தே சட்டம் இருந்தது. அதனால் அந்தக் குழந்தை கடுங்குளிரிலும் ரயில்வே யார்டைக் கடந்து நடந்து, பஸ் பிடித்து, தொலைவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த மன்றோ பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

சரி, யார் இந்த சம்னர்?

சார்லஸ் சம்னர், பாஸ்டன் வழக்கறிஞர். 1849-ல் சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமிக்காக வாதாடினார். வழியில் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டித்தான் அவள் தன் பள்ளிக்குப் போக வேண்டும். அவரோடு வாதாடியவர் ராபர்ட் மோரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர். பிள்ளைகளை நிறத்தால் பிரிப்பது சாதிதான் என்றார் சம்னர். இந்தியாவில் பிராமணரும் சூத்திரரும் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டதை எடுத்துக்காட்டினார். நம் ஊர்க் கொடுமை பாஸ்டன் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றது என்பதை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வழக்கு தோற்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைக்கு அனுமதி கொடுத்தது. பாஸ்டன் பெற்றோர் மட்டும் விடவில்லை. 1855-ல், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

அப்புறம் சம்னர் செனட்டரானார். 1856 மே மாதம், கான்சஸுக்குள் அடிமை முறையைத் திணிப்பதை எதிர்த்து இரண்டு நாள் பேசினார். ஓரிரு நாளில் பிரஸ்டன் புரூக்ஸ் என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் செனட் அவைக்குள்ளேயே வந்து அவரைக் கைத்தடியால் தலையில் அடித்தார். தரையோடு பொருத்தியிருந்த மேசைக்குள் கால் சிக்கியதால், மேசையைப் பெயர்த்துக்கொண்டுதான் அவரால் எழ முடிந்தது. உடல் தேற மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கான்சஸுக்காக ரத்தம் சிந்திய அந்த மனிதரின் பெயர் தாங்கிய பள்ளிதான் லிண்டாவைத் திருப்பி அனுப்பியது.

ஆலிவர் பிரவுனும் இன்னும் பன்னிரண்டு பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. லிண்டா அதற்குள் மேல் வகுப்புப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

மன்றோ பள்ளி இன்று தேசிய நினைவிடம். சம்னர் பள்ளி 1996-ல் மூடப்பட்டது. டொபீகா போகிறவர்கள் மன்றோவோடு திரும்பிவிடாமல், அந்தக் கட்டடத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.